மாணவர் இதழின் ஆசிரியர் குழுவை நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர் இதழ் ஒன்றுக்கு ஆசிரியராகப் பொறுப்பேற்பவருக்குப் பெரும்பாலும் நன்றாக எழுதத் தெரியும். அதனால்தான் அந்தப் பொறுப்பே அவரிடம் வந்திருக்கும். பொறுப்பேற்ற மறுநாளிலிருந்து அவர் செய்யவேண்டிய வேலையோ வேறு. சம்பளமோ மதிப்பெண்ணோ இல்லாமல், தேர்வுகளுக்கும் செய்முறை வகுப்புகளுக்கும் இடையே நேரம் ஒதுக்கி வருகிற பத்துப் பதினைந்து பேரைக் கொண்டு குறித்த நாளில் ஓர் இதழை வெளிக்கொண்டுவர வேண்டும். மாணவனாக இருந்தபோது இரண்டு ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தேன். அதன்பின் வேறு சில குழுக்களுக்கு உடனிருந்து உதவியிருக்கிறேன். அங்கெல்லாம் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகள் இவை.

ஒரு சொல் விளக்கம்: இந்தப் பக்கத்தில் ‘ஆசிரியர்’ என்றால் இதழாசிரியர்; கற்பிப்பவரைப் ‘பேராசிரியர்’ என்றே குறிப்பிடுகிறேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதாலோ என்னவோ, புதிய இதழாசிரியர்கள் பலர் சிவப்பு மையோடு விடைத்தாள் திருத்துபவரைப் போல நடந்துகொள்ளத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஆசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டேன். முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

உடனே கூட்டம் போட்டுத் திட்டங்களை அறிவிக்கத் தோன்றும்; அதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். முதலில் கடந்த ஆண்டின் இதழ்கள் அனைத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் யார் பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குழுப் பட்டியலில் இருபது பெயர்கள் இருந்தாலும் பக்கங்களை நிரப்பியவர்கள் ஐந்தாறு பேராகத்தான் இருப்பார்கள். அந்த ஐந்தாறு பேரில் எத்தனை பேர் இந்த ஆண்டும் இருக்கிறார்கள் என்பதுதான் உங்கள் கையிருப்பு.

அதன்பின் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கால்மணி நேரம் பேசுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: இதழில் அவர் உண்மையாகவே செய்ய விரும்பும் வேலை எது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும், எந்த மாதத்தில் அவரை எதிர்பார்க்கக் கூடாது. மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டவுடன் எதிரில் இருப்பவர் முகத்தில் ஓர் ஆறுதல் தெரிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தன்னால் முடியாத காலம் ஒன்று உண்டு என்று வெளிப்படையாகச் சொல்ல அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. கூட்டத்தில் வாய் திறக்காத ஒருவர் ஒளிப்படம் எடுப்பவர் என்பதும், மூன்று ஆண்டுகளாகச் செய்தி எழுதிக்கொண்டிருப்பவர் கேலிச்சித்திரம் வரைய ஆசைப்படுகிறார் என்பதும் இப்படிப்பட்ட உரையாடலில்தான் தெரியவரும்.

கட்டுரை மோசமாக இருந்தால் நானே திருத்தி எழுதிவிடலாமா?

உங்களால் பத்து நிமிடத்தில் எழுதிவிட முடியும். அந்த ஓர் இதழுக்கு அது நல்லதாகவும் இருக்கும். ஆனால் தன் பெயருக்குக் கீழே தான் எழுதாத வாக்கியங்களைப் படிக்க நேர்ந்தவர், எப்படியும் மாற்றத்தான் போகிறார்கள் என்ற நினைப்போடு அடுத்த கட்டுரையை அரை மனத்தோடு எழுதுவார். மூன்றாவது இதழுக்கு எழுத வரமாட்டார். நீங்கள் ‘இந்தக் குழுவில் யாருமே ஒழுங்காக எழுதுவதில்லை’ என்று நொந்துகொண்டு இரவு விழித்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நூலகத்தின் வேலைநேரம் குறைக்கப்பட்டதைப் பற்றி முதலாமாண்டு மாணவி ஒருவர் கொண்டுவந்த செய்தி, ‘நூலகம் அறிவின் கருவூலம் என்றால் அது மிகையாகாது’ என்று தொடங்கியது. எட்டு மணிக்குப் பதிலாக மாலை ஆறு மணிக்கே நூலகம் மூடப்படுகிறது என்ற விவரம் ஏழாவது பத்தியில், அடைப்புக்குறிக்குள் இருந்தது. நான் பேனாவைத் திறக்காமல், ‘உங்கள் அறைத்தோழியிடம் இதை எப்படிச் சொன்னீர்கள்?’ என்று கேட்டேன். ‘இனிமே ஆறு மணிக்கே பூட்டிடுவாங்களாம், லேப் முடிஞ்சு வர்றவங்க புத்தகமே எடுக்க முடியாதுன்னு சொன்னேன்’ என்றார். அதுதான் செய்தியின் முதல் வரி என்றேன். அங்கேயே உட்கார்ந்து அவரே எழுதினார்: ‘நூலகம் இனி மாலை ஆறு மணிக்கே மூடப்படுவதால், ஆய்வக வகுப்பு முடிந்து வரும் மாணவர்கள் புத்தகம் எடுக்க வழியில்லை.’ அரைமணி நேரம் ஆயிற்று. அந்த ஆண்டு முழுவதும் அவருடைய எழுத்தில் ‘மிகையாகாது’ மறுபடி தலைகாட்டவில்லை.

கருத்துச் சொல்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தகவல்: யாரிடம் கேட்கவில்லை, எந்த எண் சரிபார்க்கப்படவில்லை. அடுத்து அமைப்பு: எது மேலே வரவேண்டும், எது வேண்டாம். மொழி கடைசியில். முதல் வரைவிலேயே ஒற்றுப்பிழைகளை வட்டமிட்டுக் கொடுத்தால், நாளை நீக்கப்படப்போகும் பத்தியை அவர் இன்று மெருகேற்றிக்கொண்டிருப்பார். நம் ஆசிரியர்களில் பலருக்கு ‘க்’ விடுபட்டது கண்ணில் படும் வேகத்தில் செய்தி விடுபட்டது படுவதில்லை. அச்சுக்குப் போகும் இரவில் வேறு வழியின்றி நீங்களே மாற்ற நேர்ந்தால், மாற்றிய இடங்களைக் குறித்து, அச்சாகும் முன் எழுதியவருக்குக் காட்டிவிடுங்கள். இதழ் கைக்கு வந்தபின் அவர் அதைத் தானாகக் கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள்.

ஒப்புக்கொண்டவர்கள் குறித்த நாளில் தருவதில்லை. எப்படி நடந்துகொள்வது?

குறித்த நாள் எப்படிக் குறிக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இதழ் 20ஆம் தேதி வெளிவர வேண்டும், அச்சகத்துக்கு நான்கு நாள் தேவை என்றால், கோப்பு 16ஆம் தேதி போய்ச்சேர வேண்டும். அதற்கு முன் மெய்ப்புப் பார்க்க, அதாவது வடிவமைத்த பக்கங்களை அச்சுக்கு முன் படித்துப் பிழை களைய, இரண்டு நாள், பக்கம் வடிவமைக்க மூன்று நாள், திருத்த இரண்டு நாள். ஆக, கட்டுரை 8ஆம் தேதியாவது உங்கள் கையில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை எழுதுபவர்கள் முன்னால், அவர்களோடு சேர்ந்து போடுங்கள். 8ஆம் தேதி என்பது உங்கள் பிடிவாதம் அல்ல, பின்னால் ஒருவர் அந்தக் கட்டுரைக்காகக் காத்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரியும். சில ஆசிரியர்கள் முன்னெச்சரிக்கையாகப் பொய்க் கெடு சொல்வதுண்டு. ஒருமுறை குட்டு உடைந்தால் அதன்பின் நீங்கள் சொல்லும் எந்தத் தேதிக்கும் மதிப்பிருக்காது.

8ஆம் தேதிக்கு முன்பே, 3ஆம் தேதி வாக்கில் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். ‘எழுதிவிட்டீர்களா?’ என்று கேட்டால் ‘கிட்டத்தட்ட முடிந்துவிட்டது’ என்ற பதில்தான் வரும். அதற்கு ஒரு வரிகூடத் தொடங்கவில்லை என்பது பொருள். ‘இதுவரை யாரிடம் பேசினீர்கள்?’ என்று கேட்டால் உண்மை வந்துவிடும். யாரிடமும் பேசவில்லை என்றால், ஐந்து நாள் மிச்சமிருக்கும்போதே துணைக்கு இன்னொருவரை அனுப்பலாம், அல்லது அந்தக் கட்டுரையை அடுத்த இதழுக்குத் தள்ளலாம். 8ஆம் தேதி இரவு தெரிந்தால் சண்டை போடுவதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை. காலம் கடந்தாலும் பழுதாகாத கட்டுரைகள் இரண்டை எப்போதும் கையில் வைத்திருப்பதும் உங்கள் கோபத்தைக் குறைக்கும்.

நெருங்கிய நண்பர் வேலை செய்யாவிட்டால்?

தனியாகச் சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள், ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சுட்டிச் சொல்லுங்கள். ‘நீ எப்போதுமே இப்படித்தான்’ என்பது நட்பைப் பற்றிய பேச்சு. ‘பேட்டியின் ஒலிப்பதிவை வியாழக்கிழமை தருவதாகச் சொன்னாய், ஞாயிறு வரை வரவில்லை, அதனால் நான்காம் பக்கம் மாறியது’ என்பது இதழைப் பற்றிய பேச்சு. குழுவின் வாட்ஸ்அப்பில் யாரையும் கண்டிக்காதீர்கள். இருபது பேர் பார்க்கும் இடத்தில் எவரும் தவறை ஒப்புக்கொள்வதில்லை. நண்பருக்கு வேலை பிடிக்கவில்லை என்றால் மரியாதையாக விலகிக்கொள்ள வழிவிடுவதுதான் நட்பையும் இதழையும் காப்பாற்றும்.

ஆசிரியர் குழுக் கூட்டம் எவ்வளவு நேரம் நடக்க வேண்டும்?

நாற்பது நிமிடம் போதும். ஒவ்வொரு பொருளும் ஒருவர் பெயரோடும் ஒரு தேதியோடும் முடிய வேண்டும். அப்படி முடியாதது பேச்சுதான். நீங்கள் கடைசியாகக் கருத்துச் சொல்லுங்கள். ஆசிரியர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதைச் சுற்றியே பேசுவார்கள்.

பக்க வடிவமைப்பாளர்கள் ஓரிரு இதழ்களுக்குமேல் தங்குவதே இல்லை. ஏன்?

ஏனென்றால் எல்லோருடைய தாமதமும் கடைசியில் அவர் மடியில்தான் வந்து விழுகிறது. செய்தியாளர் இரண்டு நாள், ஆசிரியர் ஒரு நாள், பேராசிரியர் ஒரு நாள் என்று தாமதித்தால், அச்சகத்தின் தேதி மட்டும் நகராததால், மூன்று நாள் வேலையை அவர் ஓர் இரவில் செய்கிறார். ஆனால் நன்றி சொல்லும்போது நாம் ‘எழுத்தாளர்களுக்கும் மற்ற அனைவருக்கும்’ என்கிறோம். அந்த ‘மற்ற அனைவரில்’ ஒருவராக இருப்பதற்கு யார் திரும்பி வருவார்?

அவருடைய வேலையைத் தெரிந்துகொள்வதே அவருக்குச் செய்யும் முதல் மரியாதை. நடுவில் பின் அடித்த இதழில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் இருக்க முடியும்; ஆகவே ‘ஒரே ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள்’ என்று சொல்வது நான்கு பக்கங்களைச் சேர்க்கச் சொல்வதாகும். 600 சொற்கள் என்று ஒதுக்கிய இடத்துக்கு 1,100 சொற்கள் வந்தால், வெட்ட வேண்டியது நீங்களும் எழுதியவரும்; எழுத்தளவைச் சுருக்கித் திணிப்பது அவர் வேலை அல்ல. அச்சில் ஒளிப்படம் தெளிவாக வர வழக்கமாக அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை; அதன்படி 1,200 புள்ளி அகலமுள்ள படம் நான்கு அங்குல அகலத்துக்குத்தான் தாங்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது அளவைக் குறைத்துவிடும். கோப்பாக அனுப்பச் சொல்லிப் பழக்குங்கள்.

தமிழ் இதழுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. யூனிகோடில் தட்டச்சு செய்த கட்டுரையை வடிவமைப்பு மென்பொருளுக்காகப் பழைய எழுத்துருக் குறியீட்டுக்கு மாற்றினால், கிரந்த எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் சிதைவதுண்டு. எனவே மூலத்தில் சரியாக இருந்ததே என்று நிம்மதியடையாமல், மாற்றியபின் மெய்ப்பை முழுதாகப் படிக்க வேண்டும். ஐந்து பேர் ஐந்து விதமாகத் தொலைபேசியில் திருத்தம் சொல்லக் கூடாது. அனைவரது திருத்தங்களையும் ஒரே தாளில் ஒருவர் தொகுத்து ஒருமுறை தந்தால் போதும். வடிவமைத்தவர், படம் எடுத்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோர் பெயர்களும் எழுதியவர் பெயரைப் போலவே அச்சாக வேண்டும். இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து என் முதல் இதழை வடிவமைத்தவரின் பெயரை நான் விட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இதழுக்கு அழைத்தபோது தேர்வு இருப்பதாகச் சொன்னார்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலையைக் கொடுக்கலாமா?

பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. மெய்ப்புப் பார்ப்பது அனுபவம் கேட்கும் வேலை. புதியவரை மூத்த செய்தியாளர் ஒருவரோடு அனுப்பி, 150 சொற்களில் ஒரு சிறு செய்தியை எழுதச் செய்து, அடுத்த இதழிலேயே அவர் பெயரோடு வெளியிடுங்கள். பெயரை அச்சில் பார்த்தவர் திரும்பி வருவார். எண்ணுக்கு எண்ணா எழுத்தா, பெயருக்கு முன் ‘திரு.’ உண்டா, மாணவரையும் ‘கூறினார்’ என்றே எழுதுவதா என்பனவற்றை முடிவுசெய்து இரண்டு பக்க நடைக்கையேடு ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டால், மூத்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்லிக் குழப்பும் நிலையும் இருக்காது.

தவறான செய்தி வெளியாகிவிட்டது. யார் பொறுப்பு?

வெளியே கேட்பவர்களுக்கு நீங்கள்தான் பொறுப்பு. எழுதியவர் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் ஆசிரியருக்காக அதன்பின் யாரும் துணிந்து எழுதமாட்டார்கள். எது தவறு, எது சரி என்று நேராகச் சொல்லும் திருத்தக் குறிப்பை அடுத்த இதழிலும், இணையப் பதிப்பில் அந்தச் செய்தியின் கீழேயே உடனடியாகவும் வெளியிடுங்கள்; இணையத்தில் ஓசைப்படாமல் மாற்றிவிட்டு நகர்வது, பிடிபடும்போது முதல் தவற்றைவிடப் பெரிதாகும். குழுவுக்குள் அமைதியாகத் தடம் பாருங்கள்: அந்த எண் எங்கிருந்து வந்தது, யார் யார் கையைக் கடந்தது, எந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். பெரும்பாலும் அது கடந்து வந்த கைகளில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கும்.

நிர்வாகம் ஒரு கட்டுரையை நீக்கச் சொல்கிறது. குழு கொதித்துப்போயிருக்கிறது.

இந்த வகை மோதல்களில் உலகறிந்த ஒன்று, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஹேசல்வுட் கிழக்கு உயர்நிலைப் பள்ளியின் ‘ஸ்பெக்ட்ரம்’ மாணவர் செய்தித்தாளில் 1983 மே மாதம் நடந்தது. மாணவிகளின் கருத்தரிப்பு பற்றியும் பெற்றோரின் மணமுறிவு பற்றியும் கட்டுரைகள் இருந்த இரண்டு பக்கங்களைத் தலைமையாசிரியர் நீக்கினார். மாணவர்கள் தொடுத்த வழக்கில் 1988 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. மாணவர் இதழ்களைக் காக்க அங்கே பல மாநிலங்கள் பின்னர் தனிச்சட்டங்களே இயற்றின.

தலைமையாசிரியர் சொன்ன காரணங்கள்தான் ஓர் ஆசிரியருக்கு முக்கியம். பெயர்கள் மாற்றப்பட்டிருந்தாலும் விவரங்களைக் கொண்டு அந்த மாணவிகளை அடையாளம் கண்டுவிடலாம் என்றார். மணமுறிவுக் கட்டுரையில் குறைகூறப்பட்ட தந்தைக்குப் பதில் சொல்ல வாய்ப்பளிக்கவில்லை என்றார். இதழ் வெளிவர மூன்றே நாள் இருந்த நிலையில் மெய்ப்பு தன் கைக்கு வந்ததால், திருத்துவதற்கு நேரமில்லை என்று கருதினார். இம்மூன்றுக்கும் இடம்கொடாமல் இருப்பது ஆசிரியர் கையில் இருக்கிறது. சர்ச்சைக்குரிய கட்டுரையை எல்லாவற்றுக்கும் முன்பாக முடியுங்கள். குறைகூறப்பட்டவரிடம் கேட்டு அவர் பதிலைச் சேருங்கள். பதில் தர மறுத்தால் அதையும் எழுதுங்கள். இவ்வளவுக்குப் பின்னும் நீக்கச் சொன்னால், எந்த வரி, என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் இதழின் விதிமுறையும் உங்கள் நாட்டின் சட்டமும் என்ன சொல்கின்றன என்பதைச் சண்டை வரும் முன்பே படித்திருக்க வேண்டும். பேச்சுவார்த்தைக்கு எழுதியவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் இல்லாத அறையில் அவர் கட்டுரையை விட்டுக்கொடுத்துவிட்டு வந்து செய்தி சொல்வதுதான் குழுவை உடைக்கும்.

உடன் படித்தவரின் மரணத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. யாரை அனுப்புவது?

யாரையும் அனுப்பாதீர்கள், யாருக்கு விருப்பம் என்று கேளுங்கள், இறந்தவரின் நெருங்கிய நண்பரை விட்டுவிடுங்கள். முன்வந்தவரோடு இன்னொருவரும் போகட்டும். அது தற்கொலையாக இருந்தால், உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கென 2000இல் முதலில் வெளியிட்டு, 2023 வரை புதுப்பித்துள்ள வழிகாட்டியைக் குழு முழுவதும் படிக்க வேண்டும்: முறையையும் இடத்தையும் விவரிக்கக் கூடாது, ஒற்றைக் காரணத்தில் அடக்கக் கூடாது, பரபரப்பான தலைப்பு கூடாது, உதவி எங்கே கிடைக்கும் என்ற தகவல் இருக்க வேண்டும். குடும்பத்தாரிடம் பேசிவிட்டு வந்தவரிடம் அன்றே கட்டுரை கேட்காதீர்கள். அவர் பேச விரும்பினால் கேளுங்கள், விரும்பாவிட்டால் அருகில் இருங்கள். மறுவாரமும் ஒருமுறை விசாரியுங்கள். தூக்கம் கெட்டு, வகுப்புக்கு வராமல் இருந்தால், நீங்கள் மருத்துவர் அல்ல. மனநல ஆலோசகரிடம் உடன் சென்று சேர்த்துவிடுவது வரைதான் உங்கள் வேலை.

உறுப்பினர் ஒருவர் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதித் தருகிறார் என்று சந்தேகமாக இருக்கிறது.

கண்டறியும் கருவிகளை நம்பிக் குற்றஞ்சாட்டாதீர்கள். அவை மனிதர் எழுதியதையும் தவறாகக் குறிப்பதுண்டு. யாரிடம் பேசினார், குறிப்பேடு எங்கே, அந்த மேற்கோளை எப்போது சொன்னார்கள் என்று எல்லாக் கட்டுரைக்கும் கேட்பதையே கேளுங்கள். எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே நடைக்கையேட்டில் எழுதிவிடுவது நல்லது.

என் படிப்பு பாதிக்கப்படுகிறது. அடுத்தவரிடம் எப்போது ஒப்படைக்கலாம்?

நீங்கள் நினைப்பதைவிட முன்னதாக. ஆண்டு முடிவில் ஒரு பிரியாவிடைக் கூட்டத்தில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது ஒப்படைப்பு ஆகாது. ஆண்டின் நடுவிலேயே இருவரைத் துணையாசிரியர்களாக்கி, திருத்தும் வேலையை ஒருவருக்கும் அச்சகம், வடிவமைப்புத் தொடர்பை மற்றவருக்கும் பிரித்துக் கொடுங்கள். உங்கள் சுமை குறைவதும் அப்போதுதான். கடவுச்சொற்கள், அச்சகத்தின் தொடர்பு, விளம்பரம் தந்தவர்கள், எழுத்துருக் கோப்புகள், ‘இதைச் செய்து சூடுபட்டோம்’ என்ற பட்டியல் ஆகிய அனைத்தும் ஒரு கோப்பில் சேரட்டும். அந்தக் கோப்பை உங்கள் சொந்த மின்னஞ்சல் கணக்கில் வைக்காதீர்கள். இதழின் பெயரிலுள்ள கணக்கில் வையுங்கள்.

கடைசி இரண்டு இதழ்களையும் அடுத்த ஆசிரியரே நடத்தட்டும். நீங்கள் அறையின் ஓரத்தில் உங்கள் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்காத தலைப்பை அவர் முதல் பக்கத்தில் போடுவார். அதில் தகவல் பிழை இருந்தால் சொல்லுங்கள். பிழை இல்லையென்றால், அவர் கையில் கொடுக்கும் பக்கத்தை மட்டும் மெய்ப்புப் பார்த்துத் தாருங்கள்.